முகமூடி, மணி, ஆட்டுத்தோல்... தவக்காலத்துக்கு முன் பல்கேரிய கிராமங்கள் ஏன் இப்படி அதிர்கின்றன?

ரீல்ஸ் பார்க்கும்போது உங்கள் கண்ணிலும் பட்டிருக்கலாம். பனி படர்ந்த ஒரு தெரு. ஆளுயரத்தைத் தாண்டிய ரோமக் குவியல் ஒன்று, இடுப்பில் கட்டிய பெரிய மணிகள் அலற, குதித்துக் குதித்து வருகிறது. பின்னாலேயே இன்னும் ஒரு கூட்டம். கமென்ட்ஸில் ஒருவர் ‘ஐரோப்பாவின் ஹாலோவீன்’ என்பார். இன்னொருவர் ‘பேய் ஓட்டுறாங்க ப்ரோ’ என்பார். மூன்றாமவர் ‘இது ஏஐ வீடியோ’ என்று தீர்ப்பே எழுதிவிடுவார்.

ஏஐ இல்லை, நிஜம்தான். ஹாலோவீனும் இல்லை. இதன் பெயர் குக்கேரி. 2016-ல் வெளியான ‘டோனி எர்ட்மன்’ என்ற ஜெர்மன் படத்தைப் பார்த்தவர்களுக்கு, கதாநாயகியின் அப்பா தலை முதல் கால் வரை ரோமத்துக்குள் புகுந்துகொண்டு பார்ட்டிக்கு வந்து நிற்கும் காட்சி மறந்திருக்காது. அவர் போட்டிருந்தது குக்கேரி உடைதான்.

சரி, யார் இவர்கள்? எதற்காக இந்த வேஷம்? இன்று இந்த வழக்கம் எந்த நிலையில் இருக்கிறது? பார்க்கலாம்.

குக்கேரி என்றால் யார்?

குளிர்காலம் முடியும் நேரத்தில் தோலும் முகமூடியும் மணியும் அணிந்து, கிராமத்தில் வீடு வீடாகச் சென்று ஆடுபவர்களே குக்கேரி. தீமையை விரட்டுவது, வரும் ஆண்டில் விளைச்சலையும் உடல்நலத்தையும் அழைத்து வருவது ஆகிய இரண்டும்தான் இவர்களின் வேலை என்பது நம்பிக்கை.

ஆனால், நாடு முழுக்க ஒரே பெயர் இல்லை. தலைநகர் சோஃபியாவுக்கு அருகே இருக்கும் பெர்னிக் பகுதியில் இவர்கள் ‘சுர்வாக்காரி’. தென்மேற்கே ராஸ்லோக், பான்ஸ்கோ பக்கம் போனால் ‘பாபுகேரி’. இன்னும் சில ஊர்களில் ‘கிழவர்கள்’ என்று பொருள்படும் ‘ஸ்தார்ட்ஸி’. வெளியுலகுக்குப் பரிச்சயமான ‘குக்கேரி’ என்ற பெயர், கிழக்கு, தென்கிழக்கு பல்கேரியாவில் அதிகம் புழங்குவது.

எப்போது நடக்கிறது?

இங்கேதான் பலரும் குழம்புகிறார்கள். இதற்கு இரண்டு சீசன்கள் உண்டு.

மேற்குப் பகுதியில் இது புத்தாண்டுச் சடங்கு. பல்கேரியா 1916-ல் புதிய நாட்காட்டிக்கு மாறியது. ஆனாலும் பெர்னிக் கிராமங்கள் பழைய நாட்காட்டிப்படி வரும் புத்தாண்டை விட்டுவிடவில்லை. ஜனவரி 13 இரவும் 14-ம் தேதியும் அவர்களுக்கு ‘சுர்வா’.

கிழக்கிலும் தென்கிழக்கிலும் இது தவக்காலத்தோடு ஒட்டிய சடங்கு. ஈஸ்டருக்குச் சரியாக ஏழு வாரங்களுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமையின் பெயர் ‘சிர்னி ஸகோவெஸ்னி’. ‘சிரெனே’ என்பது பல்கேரியர்களின் வெள்ளை சீஸ். ‘ஸகோவெஸ்னி’ என்றால் விரதத்துக்கு முந்தைய கடைசிச் சாப்பாடு. ஆர்த்தடாக்ஸ் விரதத்தில் இறைச்சி மட்டுமல்ல, பால், முட்டை, சீஸ் எதுவும் கிடையாது. ஒரு வாரம் முன்பே இறைச்சியை நிறுத்திவிடுவார்கள். சீஸுக்கும் முட்டைக்கும் விடைகொடுப்பது இந்த ஞாயிறு. இங்கே சாம்பல் புதன் கிடையாது. மறுநாள் திங்கள்கிழமையே தவக்காலம் தொடங்கிவிடும்.

ஊரைப் பொறுத்து, அந்த ஞாயிறோ மறுநாள் திங்களோ குக்கேரி நாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை

இதை ‘மன்னிப்பு ஞாயிறு’ என்றும் சொல்கிறார்கள். வீட்டில் இளையவர்கள் பெற்றோரிடமும் பெரியவர்களிடமும் போய், கையில் முத்தமிட்டு, ‘என்னை மன்னியுங்கள்’ என்று கேட்பார்கள். ‘கடவுள் மன்னிப்பார்’ என்று பதில் வரும். மனஸ்தாபத்தோடு விரதத்துக்குள் நுழையக் கூடாது என்பதே இதன் அர்த்தம்.

பிறகு குழந்தைகளின் நேரம். கூரையிலிருந்து ஒரு நூலைத் தொங்கவிட்டு, அதன் நுனியில் வெள்ளை ஹல்வாத் துண்டையோ அவித்த முட்டையையோ கட்டி ஆட்டிவிடுவார்கள். கையைப் பயன்படுத்தாமல் வாயாலேயே கவ்வ வேண்டும். கடைசியில் அந்த நூலைக் கொளுத்தி, அது எப்படி எரிகிறது என்பதைப் பார்த்து வரும் ஆண்டுக்குக் குறி சொல்வதும் உண்டு.

இரவில் ஊரின் உயரமான இடத்தில் பெரிய தீ மூட்டப்படும். இளைஞர்கள் அதைத் தாண்டுவார்கள். தீயின் வெளிச்சம் எட்டும் தூரம்வரை ஆலங்கட்டி மழை பயிரை அழிக்காது என்பது பழைய நம்பிக்கை.

ஊர்ச் சதுக்கத்தில் ஓர் உழவு

குக்கேரி நாளில் குழு காலையிலேயே கிளம்பிவிடும். ஒவ்வொரு வீட்டு முற்றத்திலும் ஆட்டம், கிண்டல், வாழ்த்து. பதிலுக்கு வீட்டுக்காரர்கள் மாவு, முட்டை, ஒயின், பணம் என்று ஏதாவது தருவார்கள்.

குழுவில் எல்லோரும் மிருகங்கள் அல்ல. மணமகன், மணமகள், பாதிரியார், கரடி, கரடியை ஆட்டுவிப்பவர் என்று வேஷங்கள் உண்டு. மணமகளும் கிழவியும்கூடப் பெண் வேஷம் கட்டிய ஆண்கள்தான். கிழவி துணிப் பொம்மையைப் ‘பிரசவிப்பது’ போன்ற பச்சையான நகைச்சுவைக் காட்சிகளுக்கும் பஞ்சமில்லை.

தென்கிழக்குக் கிராமங்களில் உச்சக்கட்டம் ஊர்ச் சதுக்கத்தில் நடக்கும். ‘அரசன்’ வேடமிட்டவர் வருவார். மற்றவர்கள் கலப்பையை இழுக்க, சடங்காக மூன்று சால் உழுது, விதை தூவுவார். கதிர் கனத்து ஆட வேண்டும் என்பதற்காக ஆட்டக்காரர்கள் உடம்பைக் கனமாக அசைத்து நடப்பார்கள். பயிர் உயர வேண்டும் என்பதற்காக உயரக் குதிப்பார்கள். சில ஊர்களில் முதன்மை வேடக்காரர் ‘கொல்லப்பட்டு’, மீண்டும் எழுவார். குளிர்காலத்தில் செத்துக்கிடந்த மண் வசந்தத்தில் உயிர்பெறுவதை அப்படியே நடித்துக் காட்டுகிறார்கள்.

ஆக, ‘பேய் ஓட்டுறாங்க’ என்ற கமென்ட் பாதி உண்மைதான். மணியின் சத்தம் தீமையை விரட்டுவதற்கு. ஆனால் மீதிச் சடங்கு முழுக்க விவசாயம், கல்யாணம், குழந்தை என்று வாழ்வை அழைப்பதற்கு.

உடையில் என்ன இருக்கிறது?

ராஸ்லோக் பகுதியில் நீண்ட ரோமம் கொண்ட ஆட்டுத்தோல்தான் பிரதானம். தலைக்கு மேல் கூம்பு மாதிரி நிமிர்ந்து நிற்கும். பெர்னிக் பகுதி முகமூடிகளில் பறவை இறகுகள், சிறகுகள், மரம், கொம்பு எல்லாம் சேரும். பழந்துணிக் கீற்றுகளை அடுக்கடுக்காகத் தைத்த உடைகளும் உண்டு.

மணிகள் ஆடு மாடுகளின் கழுத்தில் கட்டும் வகையைச் சேர்ந்தவை. இரும்புத் தகட்டை அடித்துச் செய்தவை ஒரு வகை, வார்த்தெடுத்த வெண்கல மணிகள் இன்னொரு வகை. உடையும் மணியும் சேர்ந்து 30 கிலோவைத் தாண்டுவதும் உண்டு. அதோடு நாள் முழுக்கக் குதிக்க வேண்டும் என்பதை யோசித்துப் பாருங்கள். ஜிம்முக்குப் போகிறவர்களுக்கே மூச்சு வாங்கும்.

இரண்டாயிரம் ஆண்டுப் பழமையா?

இணையத்தில் அப்படித்தான் எழுதுகிறார்கள். பண்டைக் காலத்தில் இந்த நிலத்தில் வாழ்ந்த திரேசியர்களும், ஒயினுக்கும் வளத்துக்கும் உரிய கடவுளான டயோனைசஸின் வழிபாடும்தான் இதன் வேர் என்பது பிரபலமான விளக்கம். பிரிட்டிஷ் ஆய்வாளர் ஆர்.எம்.டாகின்ஸ், இன்று துருக்கியில் இருக்கும் விஸே பகுதியில் தவக்காலத்துக்கு முன் நடந்த இதே போன்ற ஒரு நாடகத்தைப் பார்த்து, 1906-ல் கட்டுரை எழுதினார். அதிலும் உழவு, சாவு, உயிர்த்தெழல் எல்லாம் இருந்தன. அவரும் அதை டயோனைசஸ் வழிபாட்டோடு இணைத்தே பார்த்தார்.

ஒற்றுமை இருப்பது உண்மை. ஆனால் பண்டைய வழிபாட்டுக்கும் இன்றைய சடங்குக்கும் நடுவில் இருக்கும் நூற்றாண்டுகளை இணைக்கும் நேரடியான எழுத்துச் சான்று கிடையாது. எனவே ‘மிகப் பழைய விவசாயச் சடங்கு’ என்று சொல்வதே பாதுகாப்பானது.

கிராமத்திலிருந்து மேடைக்கு

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வந்த சோஷலிச அரசு, இதை மதத்திலிருந்து பிரித்து ‘நாட்டுப்புறக் கலை’ என்ற அடையாளத்தோடு முன்னிறுத்தியது. சுரங்க நகரமான பெர்னிக்கில் 1966-ல் ‘சுர்வா’ முகமூடி விழா தொடங்கியது. இன்று ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி கடைசி வாரஇறுதியில் நடக்கும் சர்வதேச விழா அது. ஆயிரக்கணக்கான ஆட்டக்காரர்கள், வெளிநாட்டுக் குழுக்கள், நடுவர்கள், பரிசுகள் என்று களைகட்டும். நீங்கள் ரீல்ஸில் பார்ப்பதில் கணிசமானவை இங்கே எடுத்தவைதான்.

2015-ல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் ‘பெர்னிக் பகுதியின் சுர்வா’வைச் சேர்த்தது. கவனிக்க: அங்கீகாரம் கிடைத்தது நகரத்து மேடைப் போட்டிக்கு அல்ல, ஜனவரி 13, 14-ல் கிராமங்களில் நடக்கும் சடங்குக்கு. இரவில் ஊர் நடுவே தீ மூட்டுவது, காலையில் வீடு வீடாகப் போவது, கிடைத்ததை ஆதரவற்ற குழந்தைகளுக்கும் ஏழைகளுக்கும் கொடுப்பது எல்லாம் சேர்ந்ததுதான் அது.

கதவைத் திறக்க ஆள் வேண்டும்

பிரச்சினையும் அங்கேதான் இருக்கிறது. 1980-களின் இறுதியில் கிட்டத்தட்ட 90 லட்சமாக இருந்த பல்கேரியாவின் மக்கள்தொகை, 2021 கணக்கெடுப்பில் சுமார் 65 லட்சம். குறைந்த பிறப்பு விகிதம் ஒரு காரணம். வேலை தேடி மேற்கு ஐரோப்பாவுக்குப் போனவர்கள் இன்னொரு காரணம். அடி அதிகம் விழுந்தது கிராமங்களுக்கு.

மானுடவியலாளர் ஜெரால்ட் கிரீட் 2011-ல் குக்கேரி பற்றி ஒரு முழுப் புத்தகம் எழுதினார். சோஷலிசத்துக்குப் பிந்தைய ஆண்டுகளில் கிராமங்கள் எதையெல்லாம் இழந்தன என்பதை இந்தச் சடங்கின் வழியாகவே அவர் படித்துக் காட்டுகிறார். யோசித்தால் புரியும். மேடையில் ஆட ஆட்டக்காரர்கள் போதும். வீடு வீடாகப் போக வேண்டுமென்றால், உள்ளே ஒருவர் இருந்து கதவைத் திறக்க வேண்டும். ஒயின் ஊற்ற வேண்டும், கிண்டலுக்குச் சிரிக்க வேண்டும். பூட்டிய வீட்டு முன்னால் எவ்வளவு நேரம்தான் மணியை ஆட்டுவது?

அதேசமயம், வழக்கம் அழிந்துகொண்டிருக்கிறது என்று ஒரேயடியாகச் சொல்லவும் முடியாது. முன்பு ஆண்களுக்கு, அதிலும் பல ஊர்களில் கல்யாணமாகாத இளைஞர்களுக்கு மட்டும் என்றிருந்த உடையை இன்று பல இடங்களில் பெண்களும் சிறுவர்களும் போடுகிறார்கள். ஊரைவிட்டு வெளியே வேலை பார்ப்பவர்கள் இந்த நாளுக்காக லீவு போட்டு வருவதும் உண்டு. குழுவில் ஆள் குறையும்போது, யார் ஆடலாம் என்ற பழைய விதியைத் தளர்த்துவதும் ஊரின் ஒரு பதில்தான்.

நேரில் பார்க்க ஆசையா?

பிரம்மாண்டம் வேண்டுமென்றால் ஜனவரி இறுதியில் பெர்னிக். சோஃபியாவிலிருந்து சுமார் 30 கி.மீ.தான். சடங்கையே பார்க்க வேண்டுமென்றால் ஜனவரி 13 இரவு பெர்னிக்கைச் சுற்றியுள்ள கிராமங்கள், அல்லது சிர்னி ஸகோவெஸ்னி சமயத்தில் தென்கிழக்கு கிராமங்கள். ஆர்த்தடாக்ஸ் ஈஸ்டர் தேதி ஆண்டுக்கு ஆண்டு மாறும். அதிலிருந்து 49 நாள் பின்னோக்கி எண்ணிவிட்டு டிக்கெட் போடுங்கள்.

ஒரு டிப்ஸ்: கிராமத்தில் பார்வையாளர்களையும் ஆட்டத்துக்குள் இழுப்பார்கள், முகத்தில் கரி பூசவும் செய்வார்கள். போனைப் பைக்குள் வைத்துவிட்டு முகத்தைக் காட்டுங்கள்.