கழுகு வேறு, பாறு வேறு

ஆரியசாலைக் கடைவீதியில் நின்று அண்ணாந்து நோக்குவோர்க்குப் பருந்துகள் வட்டமிடுதல் புதிய காட்சியன்று. செந்நிற உடலும் வெண்ணிறத் தலையும் உடையதைக் கருடன் என்று கன்னத்தில் போட்டுக்கொள்கிறோம். பழுப்பு நிறத்ததைக் கோழிக்குஞ்சு திருடி என்று ஏசுகிறோம். இவ்வானத்தில் நாம் காணாத ஒரு பறவை உண்டு. அதன் உருவத்தைக் காண, எம்.சி. சாலை வழியே ஏறத்தாழ 50 கிலோமீட்டர் சென்று சடயமங்கலத்தை அடைய வேண்டும். 2018இல் திறக்கப்பெற்ற சடாயு சிற்பம் 200 அடி நீளத்தில் அங்கே பாறைமீது கிடக்கிறது.

சடாயுவைக் கழுகு என்றே சொல்லிப் பழகிவிட்டோம். ஆயினும் கழுகு உயிருள்ள இரையைக் கூருகிரால் பற்றிக் கொல்வது. பிணந்தின்னிக் கழுகின் கால்களுக்கோ அவ்வலிமை இல்லை. இறந்த உடலே அதன் உணவு. பறவை ஆர்வலர்கள் இதனைப் பாறு என்னும் பழந்தமிழ்ச் சொல்லால் அழைக்கின்றனர். நல்ல வழக்கம், குழப்பம் தீரும்.

கல்லில் இத்துணைப் பெரிதாய் நிற்கும் இப்பறவை, கேரளத்தில் இன்று உயிரோடு கூடு கட்டி வாழ்வது வயநாட்டில் மட்டுமே. அதனை அடுத்த முதுமலை, மாயாறு பள்ளத்தாக்கு, பந்திப்பூர்க் காடுகளிலும் சில எஞ்சியுள்ளன. 1992க்கும் 2007க்கும் இடையில் இந்தியாவின் வெண்முதுகுப் பாறுகளில் 99 விழுக்காட்டிற்கும் மேல் மறைந்தன. மாடுகளுக்கு வலிநீக்கியாகச் செலுத்தப்பட்ட டைக்ளோஃபினாக் மருந்தே காரணம் என 2004இல் கண்டறியப்பட்டது. மருந்து தங்கிய மாட்டின் சடலத்தைத் தின்ற பாறு, சிறுநீரகம் பழுதாகிச் சில நாள்களில் மடியும். ஆண்டுக்கு ஒரே முட்டையிடும் பறவை இவ்விழப்பை ஈடுசெய்வது எளிதோ?

இழப்பு மனிதரையும் தொட்டது. சடலங்கள் அழுகின, தெருநாய்கள் பெருகின, நீர்நிலைகள் மாசுற்றன. 2000க்கும் 2005க்கும் இடையில் இதனால் ஏறத்தாழ 5 இலட்சம் கூடுதல் மனித உயிரிழப்புகள் நேர்ந்தன என்றும், அதன் பொருட்சுமை ஆண்டுக்கு 6,900 கோடி டாலருக்கு மேல் என்றும் 2024இல் வெளியான பொருளியல் ஆய்வு மதிப்பிட்டது. ஊதியமின்றி உழைத்த துப்புரவாளரின் கணக்கு இது!

டைக்ளோஃபினாக்கைக் கால்நடைக்குப் பயன்படுத்துவது 2006இல் தடைசெய்யப்பட்டது. 2023இல் கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபினாக் ஆகியனவும் அப்பட்டியலில் சேர்ந்தன. கறவை மாட்டுக் கடன் பெற்ற நம் வாடிக்கையாளர் பலர். மாடு வலியால் துன்புறும்போது, பாறுகளுக்குத் தீங்கற்ற மெலோக்சிகாம் பொருந்துமா எனக் கால்நடை மருத்துவரைக் கேட்கலாம்.