அழியாப் பேரேடும் சமவாய்ப்புச் சோதனையும்

காலணிக்கான மேல்தோலை ஆய்வுக்கூடத்தில் சோதிக்கும் முறைகளுள் ஒன்று மிக எளியது. தோல்துண்டு ஒன்றைக் கருவியில் பொருத்தி, நடக்கும்போது காலணி மடிவதைப் போலவே ஆயிரக்கணக்கான முறை மடித்து நிமிர்த்துவர். பின்னர் வெடிப்பு உண்டா எனப் பார்ப்பர். அணிபவர் பல மாதங்கள் நடந்து அறியக்கூடிய குறையை அக்கருவி முன்னதாகவே காட்டிவிடுகிறது. வேலூர், இராணிப்பேட்டை, பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி எனப் பாலாற்றுப் படுகையில் பரவியுள்ள தோல்தொழிலுக்கு இத்தகைய சோதனைகள் புதியன அல்ல. சென்னையில் 1948-இல் நிறுவப்பட்ட மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இத்துறைக்கு நெடுங்காலமாகத் துணைநிற்கிறது.

தோலைச் சோதிக்கலாம்; தோலைப் பற்றிய கணக்கைச் சோதிப்பது எவ்வாறு?

இவ்வினா இப்பகுதிக்கு மிகவும் உரியது. பதனிடும் ஆலைகளின் கழிவுநீர் பாலாற்றையும் நிலத்தடி நீரையும் கெடுத்தமை குறித்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்டு 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீங்கு நேர்ந்தபின் வருந்துவதைவிட நேருமுன் தடுப்பதே கடமை என்னும் முன்னெச்சரிக்கைக் கோட்பாடு அத்தீர்ப்பின் வழியாக இந்தியச் சட்டத்தில் இடம்பெற்றது. இன்று தோல் வாங்குவோர், விலையோடு வேறு சிலவற்றையும் வினவுகின்றனர். இத்தோல் எங்கிருந்து வந்தது? எந்த ஆலையில் பதனிடப்பட்டது? அவ்வாலையின் கழிவுநீர் தூய்மை செய்யப்பட்டதா? விடை சான்றிதழாக வருகிறது. தாளில் எழுதிய சான்றிதழைத் திருத்துவதோ எளிது.

ஆகவே பிளாக்செயின் எனப்படும் தொடர்பேரேட்டின்மீது பலரும் நாட்டம் கொள்கின்றனர். தமிழ்நாடு அரசும் 2020-இல் இத்தொழில்நுட்பத்திற்கெனத் தனிக் கொள்கையை வெளியிட்டது. இப்பேரேடு ஒருவரிடம் மட்டும் இருப்பதன்று; பல கணினிகளில் ஒரே படியாக இருக்கும். ஒவ்வொரு பக்கமும் முந்தைய பக்கத்தின் முத்திரையைத் தாங்கியிருப்பதால், பழைய வரியொன்றை மாற்றினால் அதற்குப் பின்வந்த முத்திரைகள் அனைத்தும் பொருந்தாமற்போய்க் காட்டிக்கொடுத்துவிடும்.

அழிக்க இயலாமை இதன் வலிமை. இதன் இடரும் அதுவே. நிரலில் பிழை இருப்பின், பிழையான வரியும் அழியாமல் நிற்கும். 2010 ஆகஸ்டு 15 அன்று பிட்காயின் பேரேட்டில் இதுவே நிகழ்ந்தது. மொத்தம் 2.1 கோடிக்கு மேல் நாணயங்கள் தோன்றலாகாது என்பது அதன் அடிப்படை விதி. ஆயினும் 74,638-ஆம் தொகுதியில் ஒரே பரிமாற்றம் 18,400 கோடிக்கும் மேற்பட்ட நாணயங்களைத் தோற்றுவித்தது. இரு பெரிய எண்களைக் கூட்டியபோது விடை கணினியின் கொள்ளளவை மீறியது. மீறிய விடை சிறிய எண்போலத் தோன்றியதால் சரிபார்ப்பு அதனை ஏற்றுக்கொண்டது. சில மணி நேரத்தில் நிரல் திருத்தப்பட்டு, பிழையான கிளை கைவிடப்பட்டது. பேரேடு அன்று இளமையாக இருந்தமையால் அது இயன்றது.

மனிதர் எழுதும் சோதனைகள் மனிதருக்குத் தோன்றும் நிகழ்வுகளையே சோதிக்கும். தோன்றாதவற்றைச் சோதிக்க வேறு வழி வேண்டும். 1988-இல் அமெரிக்கப் பேராசிரியர் பார்ட்டன் மில்லர், புயல் வீசிய இரவொன்றில் தொலைபேசிக் கம்பிவழியே கணினியில் பணியாற்றினார். இரைச்சலால் இடையிடையே புகுந்த பொருளற்ற எழுத்துகள் நன்கு பழகிய நிரல்களையும் நிலைகுலையச் செய்தன. அந்த எரிச்சலே ஓர் ஆய்வாயிற்று. 2000-இல் கோயன் கிளாசென், ஜான் ஹியூஸ் இருவரும் உருவாக்கிய குவிக்செக் என்னும் கருவி அடுத்த படியை எடுத்துவைத்தது. எப்போதும் உண்மையாக இருக்கவேண்டிய விதியை மட்டும் மனிதர் எழுதினாற் போதும்; அதனை உடைக்கும் உள்ளீட்டைக் கருவி சமவாய்ப்பு முறையில் தேடும். அவ்விதியே மாற்றமிலி எனப்படுகிறது. பிளாக்செயின் செயலிகளைக் கட்டப் பயன்படும் காஸ்மாஸ் மென்பொருள் தொகுப்பில் இம்முறை பாவனை ஓட்டமாக அமைந்துள்ளது.

ஆம்பூர்த் தோலுக்கென ஒரு பேரேடு எழுதப்படுவதாகக் கொள்ளலாம். அதில் தோல் பதிவு, பதனிடல், கைமாற்றம், சான்றளிப்பு என நான்கு கூறுகள் உள்ளன. பாவனை ஓட்டம் முதலில் கற்பனைக் கணக்குகள் பலவற்றைப் படைத்து, ஒவ்வொன்றுக்கும் ஏதேனும் ஓர் இருப்பை வழங்கும். பின்னர்ப் பக்கம் பக்கமாகச் செயல்களைத் தானே தேர்ந்தெடுத்து நிகழ்த்தும். கைமாற்றம் அடிக்கடி நிகழ்வதாதலால் அதற்கு மிகுதியான எடையும், சான்று நீக்கத்திற்குக் குறைவான எடையும் தரப்படும். இருப்பைவிடக் கூடுதலாக விற்கும் தவறான செயல்களும் வேண்டுமென்றே கலக்கப்படும். பேரேடு அவற்றை மறுத்தாக வேண்டும். ஒவ்வொரு பக்கத்தின் முடிவிலும் மாற்றமிலிகள் சரிபார்க்கப்படும்.

இனி ஒரு பிழையைக் காணலாம். கைமாற்றக் கூறு, விற்பவர் இருப்பையும் வாங்குபவர் இருப்பையும் முதலிலேயே படித்துக்கொள்கிறது. பின்னர் முன்னதைக் குறைத்தும் பின்னதைக் கூட்டியும் எழுதுகிறது. 500 சதுர அடித் தோல் உடையவர் 200 சதுர அடியைத் தமக்கே அனுப்பினால் என்னவாகும்? விற்பவராக அவர் இருப்பு 300 என எழுதப்படும். உடனே, முன்பு படித்த 500-உடன் 200 சேர்ந்து, வாங்குபவராக அவர் இருப்பு 700 என மேலெழுதப்படும். ஆட்டையோ மாட்டையோ காணாத 200 சதுர அடித் தோல் சான்றிதழுடன் பிறந்துவிட்டது. கழிவைத் தூய்மை செய்யாத ஆலையின் தோல் அந்தப் பெயரில் புகுந்துகொள்ளலாம். நேர்மையாகச் செலவிட்ட ஆலையின் சான்றும் அத்துடன் மதிப்பிழக்கும். தமக்கே தோல் விற்கும் வணிகர் எவர் எனக் கருதிச் சோதனையாளர் இதனை விட்டுவிடக்கூடும். சமவாய்ப்புக்கு அத்தகைய தயக்கம் இல்லை.

ஆயினும் மாற்றமிலியைத் தவறாக எழுதினால் கருவியால் பயனில்லை. ‘தோலின் மொத்தப் பரப்பு ஒருபோதும் கூடாது’ என்னும் விதி நிரலாளருக்குப் பொருத்தமாகத் தோன்றலாம். பதனிடும் ஆலையில் பணிபுரிபவர் அதைக் கேட்டால் நகைப்பார். தடித்த மாட்டுத்தோலை இயந்திரத்தில் இட்டு மேற்படலம், அடிப்படலம் எனப் பிளக்கும்போது மொத்தப் பரப்பு பெருகவே செய்யும். நீட்டி உலர்த்தும்போதும் சிறிது கூடும். ஆகவே பிளக்கும் செயல் பாவனையில் வந்தவுடன், குற்றமற்ற பேரேட்டையும் அவ்விதி குற்றம்சாட்டும். நீட்சிக்குரிய அளவை விடுத்துப் பார்த்தால் எந்தப் படலத்தின் பரப்பும் தாய்த்தோலின் பரப்பை விஞ்சலாகாது. ஒவ்வொரு படலமும் ஒரே தாய்த்தோலின் எண்ணைத் தாங்கவேண்டும். இவ்வாறு திருத்தி எழுதுவதற்கு நிரலாளர் ஆலைக்குள் சென்று வரவேண்டியிருக்கும்.

மற்றொரு சோதனையும் உண்டு. ஒரே செயல்வரிசையை எத்தனை முறை ஓட்டினாலும் இறுதி முத்திரை ஒன்றாகவே வரவேண்டும். நிரலின் ஏதோ ஒரு மூலையில் கணினியின் சொந்தக் கடிகாரத்தைப் படித்தாலும், வரிசை உறுதியற்ற பட்டியலை அப்படியே எண்ணினாலும், இரு கணினிகள் இரு விடைகளைத் தரும், பேரேடு நின்றுவிடும். பேரேட்டின் நிலையை வெளியே எடுத்து, மீண்டும் உள்ளிட்டு, இரண்டும் ஒத்துள்ளனவா எனவும் பார்ப்பர்.

‘எல்லாம் சரி’ என்று வரும் முடிவையும் உடனே நம்புதல் கூடாது. தேர்ந்தெடுத்த செயல்களிற் பெரும்பாலானவை இருப்பின்மையால் மறுக்கப்பட்டிருந்தால், எதுவும் சோதிக்கப்படவில்லை என்பதே பொருள். எனவே எத்தனை செயல்கள் ஏற்கப்பட்டன, எத்தனை மறுக்கப்பட்டன என்னும் கணக்கையும் சேர்த்தே படிப்பர்.

சமவாய்ப்பில் கண்ட பிழையை மீண்டும் எவ்வாறு காண்பது என்னும் ஐயம் எழலாம். கணினியின் சமவாய்ப்பு எண்கள் யாவும் விதை எண் என்னும் ஒற்றை எண்ணிலிருந்து முளைப்பவை. நிரல் மாறாதவரை, அதே விதையை இட்டால் அதே வணிகர்கள், அதே கைமாற்றங்கள், அதே பிழை அதே பக்கத்தில் தோன்றும். பிழையைத் திருத்தியபின் அவ்விதை எண்ணும், பிழையை உண்டாக்கிய சிறிய செயல்வரிசையும் சோதனைப் பட்டியலில் சேர்க்கப்படுகின்றன. நிரலில் ஒரு வரி மாறினாலும் அப்பட்டியல் முழுவதும் மறுபடி ஓட்டப்படும். அதன்பின் புதிய விதைகளுடன் இரவெல்லாம் ஓட்டம் தொடரும்.