கயாக்கின் உட்புறத்தில் தெரியும் வெண்தழும்பு

கண்ணாடி இழைத் துணியை அடுக்கடுக்காக விரித்து, ஒவ்வோர் அடுக்கையும் பிசினில் ஊறவைத்து இறுகச் செய்து உருவாக்கப்படும் ஃபைபர் கயாக்கின் உடல் சில மில்லிமீட்டர் கனமே உடையது. இழை இழுவிசையைத் தாங்குகிறது, பிசின் இழைகளை இடம்பெயராமல் பிணைக்கிறது. இவ்விரண்டும் பிரியாதிருக்கும் வரையே படகுக்கு வலிமை உண்டு என்பதால், பாறையில் மோதிய கயாக்கை ஆராய்பவர் முதலில் அறிய வேண்டியது, அப்பிணைப்பு எங்கே, எவ்வளவு தூரத்துக்கு விட்டுப்போயிருக்கிறது என்பதே.

வெளியே பளபளக்கும் ஜெல்கோட், அதாவது நிறமேற்றிய பிசின் பூச்சு, இழையற்றது ஆதலால் எளிதில் வெடிக்கும். அதில் ஓடும் மயிரிழைக் கீறல் பூச்சோடு நின்றிருக்கலாம். உள்ளடுக்குகள் முறிந்ததன் அடையாளமாகவும் இருக்கலாம். இதைத் தெளிவுபடுத்துவது படகின் உட்புறம். நிறம் பூசப்படாத உட்பரப்பில் விளக்கொளியைப் பாய்ச்சினால், அடிபட்ட இடம் மட்டும் வெள்ளையாகத் துலங்கும். கண்ணாடியும் பிசினும் ஒளியை ஏறத்தாழ ஒரே அளவில் வளைப்பவை என்பதால், வெண்ணிறமான இழைத்துணி பிசினில் நனைந்ததும், எண்ணெய் பட்ட காகிதம் போல, ஒளியைத் தன்னூடே செல்லவிடுகிறது. மோதலில் பிசின் இழையைவிட்டுப் பிரிந்தால், இடையே உண்டாகும் நுண்ணிய இடைவெளிகளில் ஒளி சிதறி, இழை மீண்டும் தன் வெண்மையைக் காட்டுகிறது. மோதும்போது உடல் உள்நோக்கி வளைந்து உட்பக்கமே இழுபடுவதால், வெளியே நகக்கீறலாகத் தெரிவது உள்ளே உள்ளங்கையளவுத் தழும்பாக இருப்பதும் உண்டு. ஒளிபுகாத கார்பன் இழைப் படகிலோ நாணயத்தால் மெல்லத் தட்டிக்கொண்டே சென்று, ஓசை மங்கும் எல்லையைக் குறித்துக்கொள்வர்.

எல்லை தெரிந்தபின், உப்பு நீங்க நன்னீரால் கழுவி, நன்கு உலரவிட்டு, பரப்பில் படிந்த மெழுகை அசிட்டோனால் துடைத்து, சிதைந்த இழைகளைத் தேய்த்து அகற்ற வேண்டும்; கண்ணாடித் தூள் நுரையீரலுக்குத் தீங்கானது ஆகையால் முகக்கவசம் இன்றியமையாதது. குழியின் விளிம்பைச் சரிவாகத் தேய்ப்பது முக்கியம்: 2 மில்லிமீட்டர் கனமுள்ள உடலுக்கு 12 மடங்கு, அதாவது 24 மில்லிமீட்டர் அகலச் சரிவு அமைத்தால், புதிய அடுக்குகள் பழைய அடுக்குகளோடு பரந்த பரப்பில் ஒட்டும். இறுகிப்போன பழைய பரப்பில் பாலியெஸ்டர் பிசினைவிட எபாக்சி உறுதியாகப் பற்றுகிறது. ஆனால் எபாக்சியின்மேல் பாலியெஸ்டர் ஜெல்கோட் சரியாக இறுகாமல் போகக்கூடும் என்பதால், மேற்பூச்சு எதுவென்பதை முதலிலேயே முடிவுசெய்தல் நன்று.

இவ்வளவையும் விடுத்து, கீறலில் பட்டி பார்த்துப் பளபளப்பாக்கி விற்பது, அடுத்து அப்படகில் அமர்பவரின் உயிரோடு விளையாடுவதாகும். அடிபட்ட படகை எறிந்துவிடுவதும் தீர்வல்ல: இறுகிய பிசினை உலோகம்போல் உருக்கி மறுபடி வார்க்க முடியாது. அது மக்கவும் செய்யாது. 2004 ஆழிப்பேரலைக்குப்பின் தமிழகக் கடற்கரையில் பெருகிய ஃபைபர் படகுகளும் இதே பொருளால் ஆனவையே. எனவே ஒரு படகைக் கைவிடுமுன் அதன் உட்புறத்தை ஒளியிட்டுப் பார்த்து, செப்பனிடக் கூடியதெனில் முறையாகச் செப்பனிடுவது, படகைக் கட்டியவரின் உழைப்புக்கும் அது கிடக்கப்போகும் கரைக்கும் உடையவர் ஆற்ற வேண்டிய கடமையாகும்.