நிறுத்து எண்ணும் முறை: மூல் என்னும் அலகு

நெல்லை எண்ணி விற்பவர் உலகில் எவருமிலர். மூடையிலுள்ள மணிகளின் தொகையை அறிய வேண்டுமாயின், ஆயிரம் மணிகளை மட்டும் எண்ணி நிறுத்துப் பார்த்து, மூடை முழுவதன் நிறையை அந்நிறையால் வகுத்தாற் போதும். மூடையில் எத்தனை ஆயிரம் என்பது தெரிந்துவிடும். ஆயிரம் நெல்மணிகள் 25 கிராம் எனவும், ஆயிரம் பயற்றமணிகள் 50 கிராம் எனவும் கொள்வோம். அப்பொழுது 25 கிலோகிராம் நெல்லிலும் 50 கிலோகிராம் பயற்றிலும் பத்து இலட்சம் மணிகளே உள. நிறை வேறு, எண்ணிக்கை ஒன்று. இரசாயனம் பயிலத் தொடங்கும் மாணவரை மருட்டும் ‘மூல்’ என்னும் அலகின் உட்பொருள் இதுவேயாகும்.

இரசாயனத்தில் எண்ணிக்கை ஏன் வேண்டும் என்ற வினா எழலாம். அணுக்களும் மூலக்கூறுகளும் நிறைக்கணக்கிற் கூடுவதில்லை. எண்ணிக்கைக் கணக்கிலேயே கூடுகின்றன. இரண்டு ஐதரசன் மூலக்கூறுகள் ஓர் ஒட்சிசன் மூலக்கூற்றுடன் சேர்ந்து இரண்டு நீர் மூலக்கூறுகள் ஆகின்றன. ‘இரண்டுக்கு ஒன்று’ என்னும் இவ்விகிதத்தைக் கண்டவுடன், 2 கிராம் ஐதரசனுக்கு 1 கிராம் ஒட்சிசன் வேண்டுமென எழுதிவிடும் மாணவர் பலர். அது பிழை. ஐதரசனின் மூலக்கூற்று நிறை 2, ஒட்சிசனுடையது 32. ஆகவே 4 கிராம் ஐதரசனுக்கு 32 கிராம் ஒட்சிசன் வேண்டும். 36 கிராம் நீர் கிடைக்கும். சமன்பாடு பேசும் மொழி எண்ணிக்கை. தராசு பேசும் மொழி நிறை. இவ்விரண்டுக்குமிடையே மொழிபெயர்ப்பாளனாக நிற்பதே மூல்.

நெல்லுக்கு ஆயிரம் போதும். கண்ணுக்குத் தெரியாத மூலக்கூறுகளுக்கோ மிகப் பெரியதொரு தொகை வேண்டும். 6022 என எழுதி, அதன்பின் 20 பூச்சியங்களை இட்டால் வருந் தொகையே ஏறத்தாழ ஒரு மூல். இதனை அவகாதரோ எண் என்பர். ஒரு செக்கனுக்குப் பத்து இலட்சம் வீதம் ஓயாது எண்ணினும், இத்தொகையை எண்ணி முடிக்க ஏறக்குறைய 1,900 கோடி ஆண்டுகள் செல்லும். பிரபஞ்சத்தின் வயதோ சுமார் 1,380 கோடி ஆண்டுகளே. ஆயினும் 18 கிராம் நீரில், அதாவது ஒரு மேசைக்கரண்டியிற் சற்றுக் கூடிய நீரில், அத்தனை மூலக்கூறுகளும் அடங்கிவிடுகின்றன. ஒரு பொருளின் மூலக்கூற்று நிறை எவ்வளவோ, அத்தனை கிராமில் ஒரு மூல் உண்டு என்பதே விதி.

இக்கருத்து எளிதில் நிலைபெற்றதன்று. ஒரே வெப்பநிலையிலும் ஒரே அமுக்கத்திலும் சம கனவளவுள்ள வாயுக்களில் மூலக்கூறுகளின் எண்ணிக்கை சமமாகும் என இத்தாலிய அறிஞர் அவகாதரோ 1811இல் எடுத்துரைத்தார். அதனைப் பெரும்பாலோர் பொருட்படுத்தவில்லை. அதனால் ஒட்சிசனின் அணுநிறையை 8 எனச் சிலரும் 16 எனச் சிலரும் வழங்கினர். நீரின் சூத்திரத்திற்கூட அறிஞரிடையே ஒற்றுமை இருக்கவில்லை. அவகாதரோ 1856இற் காலமானார். நான்காண்டுகளின் பின், 1860இல் ஜேர்மனியின் காள்சுரூ நகரிற் கூடிய இரசாயன அறிஞர் மாநாட்டில், அவர் நாட்டவராகிய கனிசாரோ அக்கருத்தை மீண்டும் நிலைநாட்ட முனைந்தார். அதன் பின்னரே அணுநிறைகள் ஒழுங்குபட்டன. 2019இல், மூல் என்பது 6.02214076 × 10²³ துணிக்கைகள் எனச் சர்வதேச அளவைமுறையில் வரையறுக்கப்பட்டது.

கணக்கிடும் முறையை இனி நோக்குவோம். கிராமை மூலாக மாற்ற, மூலக்கூற்று நிறையால் வகுத்தல் வேண்டும். மூலைக் கிராமாக மாற்ற, அதே நிறையாற் பெருக்குதல் வேண்டும். துணிக்கைகளின் தொகை வேண்டின், மூலை அவகாதரோ எண்ணாற் பெருக்குதல் வேண்டும். ஒரு பொருளின் கிராமிலிருந்து வேறொரு பொருளின் கிராமுக்கு நேரே தாவ முயல்வோரே வழிதவறுவர். முதலில் மூலுக்கு வந்து, அங்கே விகிதத்தைப் பார்த்து, அதன் பின்னரே மறுபடி கிராமுக்குச் செல்லுதல் முறை.

இம்முறை பரீட்சை மண்டபத்தோடு நின்றுவிடுவதன்று, வயலுக்கும் வருவது. நெல்வயலுக்கு நைதரசன் ஊட்ட யூரியாவும் அமோனியஞ் சல்பேற்றும் பயன்படும். யூரியாவின் மூலக்கூற்று நிறை 60. அமோனியஞ் சல்பேற்றினது 132. இரண்டிலும் மூலக்கூறு ஒன்றுக்கு நைதரசன் அணுக்கள் இரண்டே. 132 கிலோகிராம் அமோனியஞ் சல்பேற்றை இடும் ஒரு விவசாயி, யூரியாவுக்கு மாற விரும்புகிறார் எனக் கொள்வோம். 1,32,000 கிராமை 132ஆல் வகுக்க 1,000 மூல் வரும். அதே 1,000 மூல் யூரியாவின் நிறை 60 கிலோகிராம். நைதரசனின் அணுநிறை 14 ஆதலால், இரண்டிலும் பயிருக்குக் கிடைக்கும் நைதரசன் 28 கிலோகிராமே.

இதனை அறியாது, மூடைக்கு மூடை சரியென்று யூரியாவை இடுபவர் தேவையிலும் இரு மடங்குக்கு மேற்பட்ட நைதரசனை இட்டவராவார். 50 கிலோகிராம் யூரியாவில் ஏறக்குறைய 23 கிலோகிராம் நைதரசன் உண்டு. அதே நிறையுள்ள அமோனியஞ் சல்பேற்றில் ஏறக்குறைய பத்தரைக் கிலோகிராமே உண்டு. நைதரசன் மிகின் பயிர் இலையாகச் செழித்து, தண்டு நலிந்து, காற்றுக்குச் சாயும், பூச்சியும் நோயும் எளிதிற் பற்றும், பணமும் வீணாகும். பசளை மூடைகள் இரண்டும் தராசில் ஒரே நிறை காட்டினும், பயிர் உண்பது நிறையையன்று, அதனுள் அடங்கிய நைதரசன் அணுக்களையே. ஆகவே மாணவர் ஒவ்வொரு கணக்கையும் தொடங்குமுன், ‘இங்கே கேட்கப்படுவது எத்தனை கிராமா, எத்தனை துணிக்கையா?’ என்று தம்மைத் தாமே வினவிக்கொள்ளப் பழகுதல் நன்று. அவ்வினாவுக்கு விடை தெளிவாயின், எஞ்சியது பெருக்கலும் வகுத்தலுமே.