ஒரே அடுப்பு, ஐந்து தலைமுறைச் சமையல்

விடியற்காலையில் போடிநாயக்கனூரிலிருந்து கிளம்பும் ஜீப்புகள் 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து போடிமெட்டு ஏறுகின்றன. பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கத்து ஏலத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போகும் பெண்கள் அவற்றில் நெருக்கி உட்கார்ந்திருப்பார்கள். மெட்டைத் தாண்டினால் மாநிலத்தோடு தொலைத்தொடர்பு வட்டமும் மாறிவிடும். ஒரு வளைவில் போனில் நாலு கோடு நிற்கும். அடுத்த வளைவில் ஒன்றுகூட இராது.

5ஜி வந்துவிட்ட நாட்டில் இது ஏன்? 'ஜி' கூடக்கூட வேகம் கூடுகிறது என்பது பாதி உண்மைதான். ஒவ்வொரு தலைமுறையும் உண்மையில் மாற்றியது, பலரும் ஒரே காற்றைப் பங்கிட்டுக்கொள்ளும் முறையை. அதை ஒரு பொதுச் சமையலறைக்குள் போய்ப் பார்க்கலாம்.

அலைக்கற்றைதான் அடுப்பு. அதன் அகலத்தை அரசு அளந்து கொடுக்கிறது. நினைத்தபடி கூட்ட முடியாது. நம் பேச்சு, படம், பணப் பரிமாற்றம் எல்லாம் அதில் ஏற வேண்டிய சமையல். அடுப்பு ஒன்று, ஊரோ பெரியது. எப்படிப் பங்கிடுவது?

1ஜி: வீட்டுக்கு ஓர் அடுப்பு

1979-இல் டோக்கியோவிலும் 1983-இல் சிகாகோவிலும் தொடங்கிய முதல் தலைமுறையில், பேசும் ஒருவருக்கு ஓர் அலைவரிசை முழுசாகப் போய்விடும். அவர் பேசாமல் மூச்சு வாங்கும் நேரத்திலும் அடுப்பு வெறுமனே எரிந்துகொண்டிருக்கும். அடுப்பு தீர்ந்துவிட்டால் மற்றவர்கள் வாசலில் காத்திருக்க வேண்டியதுதான். பாத்திரத்துக்கு மூடியும் கிடையாது; அந்த அலைவரிசையைப் பிடிக்கும் வானொலி ஏற்பி வைத்திருப்பவர் ஒட்டுக்கேட்க முடிந்தது. இந்தியாவில் செல்பேசி பரவத் தொடங்கியது அடுத்த தலைமுறையில்தான்.

2ஜி: எட்டு வீட்டுக்கு ஒரு தோசைக்கல்

1991-இல் பின்லாந்தில் ஜிஎஸ்எம் என்ற 2ஜி சேவை தொடங்கியது. 1995 ஜூலை 31 அன்று மேற்கு வங்க முதல்வர் ஜோதிபாசு கல்கத்தாவிலிருந்து டெல்லியில் இருந்த மத்திய அமைச்சர் சுக்ராமை அழைத்தார். இந்தியாவின் முதல் செல்பேசி அழைப்பு அது. சென்னைக்கு அதே ஆண்டிலேயே சேவை வந்தது. சென்னைக்கு வெளியே இருந்த தமிழ்நாடு வட்டத்தில் 1999-இல் ஏர்செல் கால் வைத்தது.

இதில் குரல் எண்களாக மாறுகிறது. 20 மில்லி விநாடிக்கு ஒரு துண்டாக நறுக்கி, சுருக்கி வைத்துவிட்டால் ஒரே கல்லில் எட்டு வீட்டார் முறை வைத்துச் சுடலாம். ஒரு முறைக்கு அரை மில்லி விநாடிக்குச் சற்றே அதிகம். எட்டு முறையும் முடிந்து ஒரு சுற்று வர 4.6 மில்லி விநாடி. நடுவில் விழும் இடைவெளி காதுக்குத் தெரிவதில்லை.

முறை வைத்துச் சுடுவதில் ஒரு கட்டுப்பாடு உண்டு. தொலைவிலிருந்து மாவு கொண்டுவருபவர் முன்கூட்டியே கிளம்பாவிட்டால் அடுத்தவர் முறையில் வந்து மோதுவார். எவ்வளவு முந்தி அனுப்ப வேண்டும் என்று டவர் ஒவ்வொரு போனுக்கும் சொல்லிக்கொண்டே இருக்கிறது. சாதாரண அமைப்பில் இந்த முந்தல் ஏறக்குறைய 35 கிலோமீட்டர் வரைதான் செல்லும். மலைச்சரிவில் நின்றால் தேனிச் சமவெளி முழுதும் கண்ணுக்குத் தெரியும். தூரத்து டவர்களின் அலையும் தடையின்றி மேலேறி வரும். ஆனால் அந்த எல்லைக்கு அப்பாலுள்ள டவரின் சிக்னல் எத்தனை கோடு காட்டினாலும் அழைப்பு சேராது.

3ஜி: எல்லாம் ஒன்றாகக் கொதிக்கும், மூக்கு பிரித்தறியும்

இந்தியாவில் 3ஜியை 2008 டிசம்பரில் டெல்லியில் எம்டிஎன்எல் தொடங்கியது. 2009 பிப்ரவரியில் சென்னையில் பிஎஸ்என்எல் தொடங்கியது. இங்கே முறை வைப்பதே இல்லை. 5 மெகாஹெர்ட்ஸ் அகல அடுப்பில் எல்லாரும் ஒரே நேரத்தில் சமைக்கிறார்கள். சாம்பார், ரசம், பாயசம் எல்லாவற்றின் மணமும் கலந்து அறையை நிரப்புகிறது. ஏலக்காய் மணம் பழகிய மூக்கு அந்தக் கலவையிலும் பாயசத்தைக் கண்டுபிடித்துவிடும் அல்லவா? அதுபோல ஒவ்வொரு இணைப்புக்கும் தனிக் குறியீடு. அந்தக் குறியீடு தெரிந்த போனுக்கு அதன் செய்தி மட்டும் பிரிந்து வரும், மற்றவை இரைச்சலாக ஒதுங்கும்.

ஆனால் ஒருவர் மிளகாயைத் தாளித்துவிட்டால் வேறு எந்த மணமும் தெரியாது. டவருக்கு அருகில் இருப்பவர் சத்தமாக ஒலிபரப்பினால் தொலைவில் இருப்பவர் மூழ்கிப்போவார். அதனால் விநாடிக்கு 1,500 தடவை டவர் ஒவ்வொரு போனிடமும் 'தீயைக் குறை, கூட்டு' என்று சொல்கிறது. கூட்டம் சேரச்சேர இந்தச் சமையலறை திணறும்.

4ஜி: குழிப்பணியாரக் கல்

2012-இல் கொல்கத்தாவில் ஏர்டெல் 4ஜியைத் தொடங்கியது. 2016 செப்டம்பர் 5-இல் ஜியோ வந்தபின் அது வீடுதோறும் புகுந்தது. இப்போது அடுப்பின் மேல் குழிப்பணியாரக் கல். 10 மெகாஹெர்ட்ஸ் அகலம் என்றால் 50 குழிகள். மில்லி விநாடிக்கு ஒருமுறை தலைமைச் சமையல்காரர் பங்கு பிரிக்கிறார்: வீடியோ பார்ப்பவருக்கு இருபது குழி, வாட்ஸ்அப் அனுப்புபவருக்கு ஒன்று. ஒருவருக்கு ஒரு குழி சரியாக வேகாவிட்டால் வேறு குழியைத் தருவார்.

மலைக்கு இது நன்றாகப் பொருந்துகிறது. பாறையிலும் சரிவிலும் மோதித் திரும்பும் அலை, நேராக வந்த அலைக்குப் பின்னால் வந்து சேரும். ஓர் ஈட்டின் சொட்டு அடுத்த ஈட்டில் விழாதபடி 4ஜி ஒவ்வொரு ஈட்டுக்கும் நடுவே 4.7 மைக்ரோ விநாடி விடுகிறது. சுமார் 1,400 மீட்டர் கூடுதலாகச் சுற்றி வந்த எதிரொலியும் அதற்குள் அடங்கிவிடும். போடியிலும் புற்றடியிலும் நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலத்தில் அன்று விழுந்த காய் விலையைத் தோட்டத்தில் நிற்கும் சிறு விவசாயி அன்றே அறிய வழி செய்வது இந்தக் கல்தான்.

5ஜி: இலை பார்த்துப் பரிமாறுதல்

2022 அக்டோபர் 1-இல் இந்தியாவில் 5ஜி தொடங்கியது. கல் அதேதான், ஆனால் குழிகளை வேண்டிய அளவுக்கு மாற்றிக்கொள்ளலாம். 3,500 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் அடுப்பு 100 மெகாஹெர்ட்ஸ் அகலம் வரை விரிகிறது. டவரிலுள்ள 64 அலைவாங்கிகள் சேர்ந்து, சாப்பிட உட்கார்ந்தவரின் இலைக்கே நேராகக் கொண்டுபோய்ப் பரிமாறுகின்றன.

சரிவில் ஏன் எட்டவில்லை?

அகலமான அடுப்பின் சூடு அறையைத் தாண்டுவதில்லை. 3,500 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 9 சென்டிமீட்டர்கூட இல்லை; முகடுகளைச் சுற்றி வளையாது. ஏலம் நிழல் மரத்தடிப் பயிர். மழையில் நனைந்த இலைகள் அந்த அலையை உறிஞ்சிவிடும். 700 மெகாஹெர்ட்ஸ் அலையோ 43 சென்டிமீட்டர் நீளம். அடுப்பு சிறியதுதான், ஆனால் சூடு அடுத்த அறைவரை போகும்.

அடுத்தது சாமான் வரும் பாதை. எவ்வளவு நல்ல அடுப்பு இருந்தாலும் அரிசி ஒற்றையடிப் பாதையில் வந்தால் பந்தி நடக்காது. டவருக்குக் கண்ணாடி இழை வராவிட்டால், அல்லது மழைக்காலத்தில் மின்சாரம் நின்று மின்கலமும் தீர்ந்துவிட்டால், 5ஜி பலகை வெறும் பலகைதான்.

புதியது எப்போதும் பழையதை விரட்டிவிடும் என்பதும் இல்லை. ஏர்டெல் 2020-இல் 3ஜியை மூடியது. 2ஜியை இன்றும் வைத்திருக்கிறது. பட்டன் போன் வைத்திருப்பவர்களுக்கு அதுதான் உயிர்நாடி. ஜியோவில் 2ஜியே கிடையாது. அங்கே பேச்சும் 4ஜி அல்லது 5ஜியில்தான்.

சிக்னல் இல்லாத ஊர்களுக்கு 4ஜி கொண்டுசெல்ல 2022 ஜூலையில் மத்திய அமைச்சரவை 26,316 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. 2025 செப்டம்பரில் பிஎஸ்என்எல் உள்நாட்டுத் தொழில்நுட்பத்திலான தன் 4ஜியை முறைப்படித் தொடங்கியது. குரங்கணி, கொட்டகுடி போன்ற சரிவூர்க்காரர்கள் டவர் கேட்டு மனு எழுதும்போது 5ஜி என்று மட்டும் எழுத வேண்டாம். 700, 800, 900 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை, டவர்வரை கண்ணாடி இழை, மழையிலும் நிற்கும் மின்சாரம் என்று மூன்றையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். தோட்டத்தில் ஒருவர் வழுக்கி விழுந்தால் ஆம்புலன்சை அழைப்பதற்கு உதவப்போவது இந்த மூன்றும்தான்.