கர்ப்பிணியின் ரத்த அழுத்தம்: எண்ணுக்குப் பின்னால் நரம்புகள்

பயிற்சி மருத்துவராக அறுவை அரங்கில் நின்ற நாள்களில் என்னைத் திகைக்க வைத்த காட்சி ஒன்று உண்டு. சிசேரியனுக்காகக் கர்ப்பிணியின் முதுகில் மரப்பு ஊசி போடுவார்கள். சில நிமிடங்களில், அதுவரை 110/70 என்று சீராக இருந்த ரத்த அழுத்தம் மளமளவெனச் சரியும். மயக்கவியல் மருத்துவர் தயாராக வைத்திருக்கும் மருந்தைச் செலுத்தி அதை மீட்பார். கருவுறாத இளம்பெண்ணுக்கு இதே ஊசியால் பொதுவாக இவ்வளவு வீழ்ச்சி ஏற்படுவதில்லை.

ரத்த அழுத்தத்தை நொடிதோறும் கண்காணிப்பது மூளைத்தண்டு. அழுத்தம் குறைந்தால் கழுத்துத் தமனியிலுள்ள உணர்விகள் அதற்குத் தெரிவிக்கின்றன. உடனே அது பரிவு நரம்புகளை முடுக்கி, ரத்தக் குழாய்களை இறுக்குகிறது.

கருவுற்ற சில வாரங்களிலேயே ஹார்மோன்களின் தூண்டலால் இந்தக் குழாய்கள் தளர்ந்து விரிகின்றன. ரத்தத்தின் அளவு பேறுகாலத்துக்குள் 40 முதல் 50 சதவீதம் வரை கூடுகிறது. அப்படியும் அழுத்தம் உயர்வதில்லை. ஐந்தாம் மாதத்தை ஒட்டிச் சற்றுக் குறைந்து, இறுதி மாதங்களில் பழைய நிலைக்குத் திரும்புகிறது. எனவே நரம்புகளும் ஓய்ந்திருக்கும் என்றே நானும் நினைத்திருந்தேன். காலின் நரம்பில் நுண்ணிய ஊசியைச் செருகி மின்துடிப்புகளை எண்ணிய ஆய்வாளர்கள் கண்டதோ நேர்மாறு. இயல்பான கர்ப்பத்திலும் பரிவு நரம்புகள் கூடுதலாகவே துடிக்கின்றன. குழாய்கள்தாம் அந்தக் கட்டளைக்கு முழுமையாகப் பணிவதில்லை. ஆக, 110/70 என்பது நரம்பின் இழுப்பும் குழாயின் தளர்வும் ஈடுகொடுத்து நிற்பதன் விளைவு. மரப்பு ஊசி அந்த இழுப்பைத் துண்டித்ததும் தளர்வு மட்டுமே எஞ்சுகிறது. பெருத்த கருப்பை, இதயத்துக்கு ரத்தம் கொண்டுவரும் பெருஞ்சிரையை அழுத்துவதும் சேர்ந்துகொள்கிறது. நிறைமாதக் கர்ப்பிணியை ஒருக்களித்துப் படுக்கச் சொல்வதும் அதனால்தான்.

குழாய்கள் கட்டளைக்கு மீண்டும் பணியத் தொடங்கினால் என்ன ஆகும்? அமெரிக்காவின் டாலஸ் நகர மருத்துவர்கள் 1973இல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது. குழாய்களை இறுக்கும் ஆஞ்சியோடென்சினைக் கர்ப்பிணிகளுக்குச் சிறிது சிறிதாகச் செலுத்தினர். நலமாக இருந்தோர் அதைத் தாங்கினர். பின்னாளில் உயர் அழுத்தத்துக்கு ஆளானவர்களோ, அழுத்தம் ஏறுவதற்குப் பல வாரங்களுக்கு முன்பே அந்தத் தாங்கும் திறனை இழந்திருந்தனர். ப்ரீஎக்ளாம்ப்சியா எனும் சூல்வலிப்பு முன்நிலையில் பரிவு நரம்புகள், இயல்பான கர்ப்பிணிகளுக்கு இருப்பதைப்போல் மும்மடங்கு துடிப்பதை 1996இல் ஜெர்மானிய ஆய்வொன்று பதிவுசெய்தது.

இதை வெறும் ஆய்வகச் செய்தியாக என்னால் பார்க்க முடியவில்லை. ஐந்தாம் மாதத்தில் 96/60 இருந்த ஒரு பெண்ணுக்கு எட்டாம் மாதத்தில் 136/86. எச்சரிக்கைக் கோடு 140/90 என்பதால் 'நார்மல்' என்று எழுதி அனுப்பிவிட்டோம். தலைவலிக்கிறது என்று அவர் சொன்னதை வெயிலின் கணக்கில் சேர்த்தோம். இரண்டாம் நாள் இரவு வலிப்போடு வந்தார். மக்னீசியம் சல்பேட்டும் அவசர அறுவையும் தாயையும் சேயையும் காத்தன. 136/86ஐ நோய் என்று சொல்லிவிட முடியாதுதான். ஆனால் அவரது அட்டையை ஒரு பக்கம் பின்னோக்கிப் புரட்டியிருந்தால், சிறுநீரில் புரதம் உண்டா என்று அன்றே சோதித்திருப்போம், மறுநாளே வரச்சொல்லியிருப்போம். முதல் மூன்று மாதங்களுக்குள் அழுத்தத்தை அளந்து அட்டையில் குறிக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது, பின்னர் ஒப்பிட அவருடைய சொந்த எண் வேண்டும் என்பதற்காகவே. கடும் தலைவலி, பார்வை மங்கல், மேல்வயிற்று வலி ஆகியவை இருந்தால், எண் எதுவாயினும் காத்திருக்கக் கூடாது.

பிள்ளை பிறந்ததும் ஆபத்து விலகிவிட்டதாக வீடுகளில் கருதுகிறார்கள். பிரசவத்துக்குப் பின் மூன்றாம் நாள் முதல் ஆறாம் நாள் வரை அழுத்தம் ஏறுவதுண்டு, வலிப்பும் வரலாம். பெரும்பாலோர் அதற்குள் வீடு திரும்பியிருப்பர். பச்சிளம் குழந்தையைப் பார்க்கச் செல்லும் கிராமச் சுகாதாரச் செவிலியர்களிடம், தாயின் கையிலும் கருவியைக் கட்டிப் பார்க்குமாறு கேட்டுவருகிறேன்.