சட்டம் பயிலப் புகும் நம் பிள்ளைகளுக்கு

வெளி மாநிலத்தில் குடியேறி வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில், பிள்ளை பத்தாம் வகுப்பில் தேறியதும் பெற்றோர் வாயில் வரும் சொற்கள் இரண்டே. ஒன்று டாக்டர்; மற்றொன்று எஞ்சினீயர். சட்டம் என்ற சொல் நம் வீடுகளில் அரிதாகவே எழும். கோர்ட்டுக்கும் நமக்கும் உள்ள உறவு, ஊரிலே கிடக்கும் துண்டு நிலத்தின் பாகப் பிரிவினையோடு முடிந்து விடுகிறது. இந்த வழக்கத்தை மாற்றிய ஒரு பெண்ணைப் பற்றியும், அவளுக்கு நாம் இழைத்த ஒரு தவற்றைப் பற்றியும், அத்தவற்றிலிருந்து நாம் கற்றவற்றைப் பற்றியும் எழுதுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நாம் சட்டம் கற்றவர் அல்லோம். மெட்ரிகுலேஷன் தேறி ரயில்வேயில் குமாஸ்தாவாக இருப்பவர். மும்பையில் ரயில்வே குவார்ட்டர்ஸில் நம் எதிர் வீட்டில் திருநெல்வேலிப் பக்கத்து நண்பர் ஒருவர் குடியிருக்கிறார். தண்டவாளத்தில் கேங்மேன் வேலை. நாம் அவரை அண்ணாச்சி என்போம். அவர் நம்மைத் தம்பி என்பார். அவருடைய மூத்த பெண் பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்று, “சித்தப்பா, நான் வக்கீலுக்குப் படிக்கணும்” என்று நம்மிடம் வந்து நின்றாள். விண்ணப்பம் நிரப்புவது நம் அன்றாடத் தொழில் அல்லவா? கணிப்பொறி முன் அமர்ந்து நாமே நிரப்பினோம். வகுப்பு என்ற இடத்தில், அண்ணாச்சி ஊரிலிருந்து வாங்கி வைத்திருந்த தாசில்தார் சான்றிதழை நம்பி, தாழ்த்தப்பட்டோர் பிரிவு என்று குறித்தோம்.

சான்றிதழ் சரிபார்க்கும் நாளில், “இது தமிழ்நாட்டுச் சான்று, இம்மாநில ஒதுக்கீட்டுக்குச் செல்லாது” என்று கூறிப் பெண்ணைப் பொதுப் பிரிவுக்கு மாற்றினார்கள். அந்த வரிசையில் அவளுக்கு இடம் எட்டவில்லை. வேறு தேர்வுகளுக்கு நாம் விண்ணப்பிக்கவே இல்லை. எல்லாவற்றுக்கும் கெடு முடிந்திருந்தது. ஓராண்டு வீணாயிற்று. அண்ணாச்சி நம்மை ஒரு வார்த்தை கடிந்து கொள்ளவில்லை. அதுவே நமக்குப் பெருந்தண்டனையாக இருந்தது. அன்று முதல் இவ்விஷயத்தைக் கேட்டும் படித்தும் திரட்டியதைக் கீழே வகுத்துத் தருகிறோம்.

வாயில்கள்

சட்டக் கல்விக்கு வழி இரண்டு. பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் ஐந்தாண்டுப் படிப்பு ஒன்று; ஏதேனும் ஒரு பட்டம் பெற்ற பின் மூன்றாண்டுப் படிப்பு மற்றொன்று. இந்திய வக்கீல் கவுன்சில் 2008 ஆம் ஆண்டில் வகுத்த விதிகளின்படி, தகுதித் தேர்வில் பொதுப் பிரிவினர்க்கு 45 சதவீதமும், பிற்படுத்தப்பட்டோர்க்கு 42 சதவீதமும், தாழ்த்தப்பட்டோர் மற்றும் பழங்குடியினர்க்கு 40 சதவீதமும் மதிப்பெண் வேண்டும். தபால் வழியில் சட்டப் பட்டம் தருவதாக யாரேனும் விளம்பரம் செய்தால் அதை நம்பலாகாது. அப்பட்டத்தைக் கொண்டு வக்கீலாகப் பதிவு செய்துகொள்ள இயலாது.

தேசியச் சட்டப் பல்கலைக் கழகங்களுக்குக் கிளாட் என்னும் பொது நுழைவுத் தேர்வு உண்டு. 2008 ஆம் ஆண்டில் 7 பல்கலைக் கழகங்களோடு தொடங்கிய இத்தேர்வு இன்று நாடெங்கும் நடைபெறுகிறது. ஆங்கிலம், நடப்புச் செய்தி, சட்ட அறிவு, தர்க்க அறிவு, எளிய கணக்கு ஆகிய ஐந்து பகுதிகளில் 120 வினாக்கள். நேரம் 2 மணி. தவறான விடைக்குக் கால் மதிப்பெண் குறையும். வினாக்கள் யாவும் ஒரு பத்தியைப் படித்துப் பொருள் உணர்ந்து விடை தருவனவாக அமைவதால், மனப்பாடம் உதவாது. நாள்தோறும் ஓர் ஆங்கிலப் பத்திரிகையைக் கருத்தூன்றிப் படிக்கும் பழக்கமே உதவும். இங்குதான் பலர் ஏமாறுகின்றனர்: 2025 மாணவர் சேர்க்கைக்கான தேர்வு 2024 டிசம்பர் முதல் நாளிலேயே நடந்து முடிந்தது, விண்ணப்பமோ அதற்கும் முன்பே முடிந்தது. ஆகவே பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பில் படித்துக்கொண்டிருக்கும்போதே விண்ணப்பித்தாக வேண்டும். பரீட்சை முடிவு வரட்டும் என்று காத்திருப்பவர் ஓராண்டை இழப்பார். டில்லியிலுள்ள தேசியச் சட்டப் பல்கலைக் கழகம் கிளாட்டில் சேராமல் ஐலெட் என்னும் தனித் தேர்வு நடத்துகிறது.

மகாராஷ்டிரத்துக் கல்லூரிகளுக்கு மாநில அரசின் பொது நுழைவுத் தேர்வு தனியே உண்டு. ஆங்கிலத்திலும் மராத்தியிலும் எழுதலாம். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை. மும்பை அரசினர் சட்டக் கல்லூரி இவ்வழியில் மாணவரைச் சேர்ப்பதே. 1855 ஆம் ஆண்டில் தோன்றிய அக்கல்லூரிக்கு 1935 ஆம் ஆண்டில் முதல்வராக அமர்ந்தவர் டாக்டர் அம்பேத்கர் என்பதை நம் பிள்ளைகள் அறிந்திருத்தல் நலம். தமிழ்நாட்டுக்கே பிள்ளையை அனுப்ப எண்ணுவோர், அங்குள்ள அரசு சட்டக் கல்லூரிகளில் நுழைவுத் தேர்வின்றிப் பள்ளி மதிப்பெண் கொண்டே சேர்க்கை நடைபெறுகிறது என்பதையும் கருத்தில் கொள்ளலாம்.

சான்றிதழ் என்னும் பூட்டு

நாம் தடுக்கி விழுந்த இடம் இது. ஆகவே சற்று விரிவாகச் சொல்கிறோம்.

அரசியல் சட்டத்தின் 341, 342 ஆம் பிரிவுகள் தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் பட்டியலை மாநிலந்தோறும் தனித்தனியே வகுக்கின்றன. ஆந்திரத்தில் பழங்குடியினராக மதிக்கப்பட்ட ஒரு குடும்பம் தகப்பனாரின் உத்தியோகத்தின் பொருட்டு பம்பாய்க்கு வந்தது. அவர் பிள்ளை இங்குள்ள மருத்துவக் கல்லூரியில் ஒதுக்கீட்டு இடம் கோரினான். 1990 ஆம் ஆண்டில் சுப்ரீம் கோர்ட்டு, பிறந்த மாநிலத்துப் பட்டியல் குடியேறிய மாநிலத்தில் உரிமை தராது எனத் தீர்ப்பளித்தது. நம்மைப் போன்றோர் வீட்டுக் கதையே அவ்வழக்கு! தீர்ப்பு வெளிவந்து இத்தனை ஆண்டுகளாகியும் நம்மவருள் எத்தனை பேர் இதை அறிவர்? நாம் அறியவில்லை, அதன் விலையை ஒரு பெண் கொடுத்தாள்.

இதிலிருந்து கொள்ள வேண்டிய முடிவுகள் மூன்று. முதலாவது, ஊரில் வாங்கிய சான்று, குடியேறிய மாநிலத்தின் ஒதுக்கீட்டுக்குப் பயன்படாது. தேசியச் சட்டப் பல்கலைக் கழகங்களின் அகில இந்திய இடங்களில் தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர்க்குரிய ஒதுக்கீடு வேறு வகையானது, அங்கே அதைக் காட்டலாம். இரண்டாவது, தாழ்த்தப்பட்டோருக்கான குடியரசுத் தலைவர் ஆணை பிறந்த 1950 ஆகஸ்டு 10 ஆம் நாளுக்கு முன்பே பாட்டனார் இங்குக் குடியேறியிருந்தால், அதற்குரிய பழைய பள்ளிப் பதிவோ, வேலைப் பதிவோ, வாடகைச் சீட்டோ கிடைக்குமா என்று இன்றே பெட்டியைத் திறந்து தேட வேண்டும். இந்த மாநிலச் சான்று பெற அத்தாள்களே ஆதாரம். மூன்றாவது, மகாராஷ்டிரத்தில் ஜாதிச் சான்று மட்டும் போதாது. ஆய்வுக் குழு வழங்கும் உறுதிச் சான்றும் வேண்டும். அதற்குக் காலம் பிடிக்கும். பதினோராம் வகுப்பிலேயே தொடங்குவதே அறிவுடைமை.

பணத்திற்கு வழி

அரசுக் கல்லூரிகளில் கட்டணம் நம் சக்திக்கு உட்பட்டது. தேசியப் பல்கலைக் கழகங்களில் ஆண்டுக்குச் சில லட்சம் ரூபாய் ஆகும். இதைக் கண்டு அஞ்சிப் பின்வாங்க வேண்டியதில்லை. 2024 நவம்பரில் மத்திய அரசு ஏற்ற பிரதம மந்திரி வித்யாலட்சுமி திட்டத்தின்படி, தேர்ந்தெடுத்த உயர்ந்த கல்வி நிலையங்களில் இடம் பெற்ற மாணவர், ஈடும் ஜாமீனும் இன்றி வங்கிக் கடன் பெறலாம். ஆண்டு வருமானம் 8 லட்சம் வரையுள்ள குடும்பத்தார்க்கு, 10 லட்சம் வரையிலான கடனில், தவணை தொடங்கும் வரை வட்டியில் 3 சதவீதச் சலுகையும் உண்டு.

ஏழை மாணவரை நுழைவுத் தேர்வுக்குத் தயார் செய்து, கல்லூரியிலும் துணை நிற்கும் இடியா என்னும் அமைப்பும் இருக்கிறது. கல்கத்தாச் சட்டப் பல்கலைக் கழகத்தில் பேராசிரியராக இருந்து 2019 ஆம் ஆண்டில் மறைந்த ஷம்நாத் பஷீர், 2010 ஆம் ஆண்டில் தொடங்கியது அது. சட்டக் கல்வி வசதியுள்ளார்க்கும் ஆங்கிலம் நன்கறிந்தார்க்கும் மட்டும் உரியதாகிவிடலாகாது என்பதே அவர் எண்ணம்.

கல்லூரிக்குள்ளே

ஓராண்டு காத்திருந்த அந்தப் பெண் மறு ஆண்டு பொதுப் பிரிவிலேயே எழுதி இடம் பெற்றாள். இப்போது இரண்டாம் ஆண்டு. சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை, தன் கல்லூரியில் நடந்த மூட் கோர்ட்டைக் காண அண்ணாச்சியையும் நம்மையும் அழைத்திருந்தாள்.

மூட் கோர்ட் என்பது மாதிரி வழக்காடு மன்றம். கற்பனை வழக்கு ஒன்றைத் தருவார்கள். மாணவர் இரு கட்சியாகப் பிரிந்து, எழுத்து மூல வாதத்தை முன்னரே தயாரித்து, நீதிபதிகளாக வீற்றிருக்கும் வக்கீல்கள் முன் நின்று வாதிடுவர். இது வெறும் விழா அன்று. பாடத்திட்டத்தின் ஒரு பகுதி. 2008 விதிகளின்படி, நூறு மதிப்பெண்ணுள்ள ஒரு தாளில் மூட் கோர்ட்டுக்கு 30. உண்மையான நீதிமன்றத்தில் ஒரு சிவில், ஒரு கிரிமினல் விசாரணையை நேரில் கவனித்துக் குறிப்பெழுதுவதற்கு 30. கட்சிக்காரரைப் பேட்டி கண்டு வழக்குக்கு ஆயத்தம் செய்வதற்கு 30. வாய்மொழித் தேர்வுக்கு 10. இதில் தேர்ந்தவர் நாட்டின் எல்லை கடந்தும் செல்லலாம். 1960 முதல் நடக்கும் ஜெஸ்ஸப் என்னும் உலகப் போட்டியில் பெங்களூர் தேசியச் சட்டக் கல்லூரி 1999 இலும் 2013 இலும் வென்றது.

அன்றைய வழக்கு, விசாரணையின்றி வேலையிலிருந்து நீக்கப்பட்ட ஒரு தொழிலாளியைப் பற்றியது. பெண் தொழிலாளிக்காக நின்றாள். ஒரு நீதிபதி குறுக்கிட்டுக் கேட்ட கேள்விக்கு அவள் சற்றுத் திணறினாள், தாளைப் புரட்டினாள், மன்றம் அமைதியாயிருந்தது. பிறகு நிமிர்ந்து, எதிர்த் தரப்பைக் கேளாமல் தண்டிப்பது நீதியாகாது என்ற பழைய நியதியை எடுத்துத் தெளிவாக விளக்கினாள். முடிவில் எதிர்க் கட்சியே வென்றது. வெளியே வந்ததும் அண்ணாச்சி நெடுநேரம் பேசவில்லை. ரயிலில் ஏறி அமர்ந்த பின் சொன்னார்: “தம்பி, அந்த வருஷம் எனக்கு மெமோ கொடுத்து இன்கிரிமென்ட்டை வெட்டினாங்களே, நினைவிருக்கா? எனக்காக இப்படி நின்னு பேச அன்னைக்கு ஒருத்தரும் இல்லை.” நாம் என்ன விடை கூறுவது?

மூட் கோர்ட்டைத் தவிர, மாணவர் வக்கீலிடமோ, நீதிமன்றத்திலோ, தொண்டு நிறுவனத்திலோ பயிற்சி பெறுவதும் கட்டாயம்: மூன்றாண்டுப் படிப்பில் குறைந்தது 12 வாரம், ஐந்தாண்டுப் படிப்பில் 20 வாரம். நமக்குப் பெரிய வக்கீல் யாரையும் தெரியாதே என்று தயங்க வேண்டாம். மாவட்டச் சட்டப் பணி ஆணையத்தின் அலுவலகமே நல்ல பயிற்சிக்கூடம். 1987 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பெண்கள், குழந்தைகள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், ஆலைத் தொழிலாளர் ஆகியோர் வருமானம் எவ்வளவாயினும் அங்கே இலவச உதவி பெறலாம். அச்சட்டம் நடைமுறைக்கு வந்த நவம்பர் 9 ஆம் நாளிலும், அரசியல் சட்ட நாளாகிய நவம்பர் 26 இலும் பல கல்லூரிகள் கூட்டங்கள் நடத்தும். பள்ளிப் பிள்ளைகளை அழைத்துச் சென்று காட்டலாம்.

செலவில்லாத நூலகம்

ஃபவுண்டன் வீதியோரக் கடைகளில் பழைய சட்ட நூல்கள் மலிவாகக் கிடைக்கும். வாங்குமுன் ஓர் எச்சரிக்கை: 1860 ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக, 2024 ஜூலை முதல் நாளிலிருந்து பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் உள்ளது. குற்ற விசாரணை முறைச் சட்டமும் சாட்சியச் சட்டமும் அன்றே மாறிவிட்டன. அந்நாளுக்கு முன் நிகழ்ந்த குற்றங்களுக்குப் பழைய தண்டனைச் சட்டமே பொருந்துவதால் பழைய நூல் முற்றிலும் வீணன்று. ஆயினும் அதை மட்டும் வாங்கிப் படிப்பவர் தேர்வில் தவறுவார்.

சட்டங்களின் மூலத்தை இந்தியா கோட் என்னும் அரசு இணையத்தளத்தில் காசின்றிப் படிக்கலாம். சுப்ரீம் கோர்ட்டின் தீர்ப்புத் தொகுதிகள் 2023 ஜனவரி முதல் மின் வடிவில் இலவசமாகக் கிடைக்கின்றன. பல தீர்ப்புகளுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பும் உண்டு. 2022 செப்டம்பர் முதல் அரசியல் சட்ட அமர்வின் விசாரணைகளை வீட்டிலிருந்தே பார்க்கலாம். எல்லாவற்றினும் மேலாக, நீதிமன்றங்கள் பொதுவாக யாவர்க்கும் திறந்தவை. பின் வரிசையில் அமைதியாக அமர்ந்து ஒரு நாள் கேட்பது பத்து நாள் பாடத்துக்கு நிகர்.

படிப்பு முடிந்த பின்

பட்டம் பெற்றவர் மாநில வக்கீல் கவுன்சிலில் பதிவு செய்ய வேண்டும். முன்பு பல மாநிலங்களில் இதற்குப் பல ஆயிரம் ரூபாய் வாங்கினார்கள். 2024 ஜூலை 30 ஆம் நாள் சுப்ரீம் கோர்ட்டு, சட்டம் விதித்த 750 ரூபாய்க்கு மேலும், தாழ்த்தப்பட்டோர் மற்றும் பழங்குடியினரிடம் 125 ரூபாய்க்கு மேலும் பதிவுக் கட்டணம் பெறலாகாது எனத் தீர்ப்பளித்தது. மேற்கொண்டு கேட்டால் இத்தீர்ப்பைச் சுட்டிக் காட்டலாம். இதனோடு அகில இந்திய வக்கீல் தேர்விலும் தேற வேண்டும்.

பெண்ணுக்கு இத்தொழில் எதற்கு என்று கேட்போர் நம்மிடையே இன்னும் இருக்கின்றனர். பெண்கள் வக்கீல் தொழில் புரிவதற்கு இருந்த தடையை 1923 ஆம் ஆண்டிலேயே சட்டம் நீக்கிவிட்டது. நூறாண்டுக்கு முன் சட்டம் திறந்த கதவை நம் வீட்டுத் திண்ணையில் நாமே சாத்தி வைப்பது முறையாகுமா?

அன்பர்களே, உங்கள் வீட்டுப் பிள்ளை பதினோராம் வகுப்பில் இருந்தால், இவ்வாரமே சான்றிதழ்களை எடுத்து மேஜை மேல் பரப்புங்கள். எது இங்குச் செல்லும், எது ஊரில் செல்லும் என்று பிரித்து வையுங்கள். விண்ணப்பத்தின் குறிப்பேட்டை முதலிலிருந்து கடைசி வரை இருமுறை படித்த பின்னரே ஒரு கட்டத்தையேனும் நிரப்புங்கள். குமாஸ்தா என்ற தைரியத்தில் நாம் அதைப் படியாமல் விட்டோம். ஐயம் இருப்பின் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்குப் பிள்ளையோடும் தாள்களோடும் வாருங்கள். அந்தப் பெண்ணும் வருவதாகச் சொல்லியிருக்கிறாள். விண்ணப்பத்தை இம்முறை அவளே பார்ப்பாள். நாம் அருகில் அமர்ந்திருப்போம்.